முன்கையில் ஒரு மூச்சுக்குழாய்

கம்பன்ஹௌட்
2 நவம்பர் 2013

யோஸ்,

வியாழக்கிழமை பல்கலைக்கழக மருத்துவமனையிலிருந்து விவினா என்ற நர்ஸ் போன் செய்தாள். "ரைன்ஹில்டே வெர்ஹெய்டன் நீங்கதானே? யோஸுக்கு அக்காவா?" என்று கேட்டாள். நீ செத்துப்போய்விட்டாய் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என நினைத்து அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அதற்கில்லையாம். உனக்குப் பெரிய ஆபரேஷன் நடக்கப்போகிறதாம். படிவத்தில் நெருங்கிய உறவு என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறாயாம். "அவர் உங்ககிட்ட சொல்லலையா?" என்றாள். சொன்னான், நான்தான் மறந்துவிட்டேன் என்றேன். ஒரு நர்ஸிடம்கூட நம் லட்சணத்தைக் காட்டிக்கொள்ள மனம் வரவில்லை.

மூன்று வருடமாக நான் எழுதிய எதற்கும் நீ பதில் போட்டதில்லை. கடிதங்கள் திரும்பி வரவில்லை என்பதால் ஓஸ்டெண்ட் விலாசம் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த அக்டோபரில் நம் முற்றத்தில் டிராக்டரைப் பின்னால் எடுத்தவள் நான். டிரெய்லர் அந்த இரும்புக் கம்பியை இழுத்துக்கொண்டு போனதும், அது அறுந்து உன் தொண்டையில் அடித்ததும் என்னால். நிறுத்து என்று நீ கத்தியது எனக்குக் கேட்கவில்லை. இதை எல்லாக் கடிதத்திலும் எழுதியிருக்கிறேன், இதிலும் எழுதுகிறேன். இதற்கு மேல் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று அப்பா அம்மா கல்லறையில் செவ்வந்தி வைத்துவிட்டு வந்தேன். உன் பங்குக்கும் ஒரு தொட்டி வைத்தேன்.

என்ன ஆபரேஷன் என்றாவது எழுது.

ரைன்ஹில்டே

---

ஓஸ்டெண்ட்
11 நவம்பர் 2013

அக்கா,

அந்த இடத்தைக் காலியா விட்டா படிவத்தை வாங்க மாட்டேங்கறாங்க. சைக்கிள் கடை முதலாளி பேரை எழுதிக் கொடுத்தேன். "முதலாளி உறவா? ரத்த சம்பந்தம் வேணும்"னு திருப்பிக் கொடுத்துட்டா விவினா. எனக்கு வேற யாரு இருக்கா? அதான் உன் பேரு. வேற அர்த்தம் எதுவும் எடுத்துக்காதே.

என் மூச்சுக்குழாய் கம்பி அடிச்ச இடத்துல ஒருதடவை நசுங்கிச்சு. அப்புறம் ஏழு வாரம் ஆஸ்பத்திரிக் குழாய் உள்ளே கிடந்ததுல தழும்பு பிடிச்சு கீழே வரைக்கும் சுருங்கிப் போச்சு. கொஞ்சமா கெட்டுப்போனா வெட்டி எடுத்துட்டு ரெண்டு முனையையும் சேர்த்துத் தைப்பாங்களாம். என்னோடது பாதிக்கு மேல போச்சு, இழுத்தாலும் எட்டாது. இப்போ கழுத்து ஓட்டையில ஒரு நீளக் குழாயை விட்டுத்தான் மூச்சு. குரல் கிடையாது. கடைக்கு வர்றவங்க என்னைச் செவிடுன்னு நினைச்சுக்கிட்டு காதுகிட்ட வந்து கத்தறாங்க. நானும் தலையாட்டிட்டு பஞ்சர் ஒட்டறேன்.

டாக்டர் ஹெலபாட்னு ஒரு அம்மா. அவங்க செத்துப்போன ஒருத்தரோட மூச்சுக்குழாயை எடுத்து எனக்கு வைக்கப் போறாங்க. கழுத்துல நேரா வெச்சா ரத்த ஓட்டம் இல்லாம அழுகிடுமாம். அதனால முதல்ல என் இடது முன்கையில, தோலுக்கு அடியில, சதையைச் சுத்தி வெச்சுத் தைச்சிடுவாங்க. அங்கேயே மாசக்கணக்குல கிடந்து என் ரத்தத்தைக் குடிச்சு என்னோடதா ஆகணும். அதுக்கப்புறம் ரத்தக்குழாயோட சேர்த்து வெட்டி எடுத்துக் கழுத்துல மாட்டுவாங்க. உலகத்துல இதுவரைக்கும் விரல் விட்டு எண்ணற ஆளுங்களுக்குத்தான் பண்ணியிருக்காம். "எத்தனை பேர் நல்லா இருக்காங்க?"ன்னு எழுதிக் காட்டினேன். அந்த அம்மா ஜன்னலைப் பார்த்துட்டு, "சில பேர்"னாங்க. பொய் சொல்லத் தெரியாத டாக்டர். அதனாலேயே கையெழுத்துப் போட்டேன்.

நீ வர வேண்டாம். நிஜமாத்தான் சொல்றேன்.

யோஸ்

---

கம்பன்ஹௌட்
16 பிப்ரவரி 2014

யோஸ்,

ஜனவரி இருபதாம் தேதி ஆபரேஷன் ஆயிற்று என்று விவினாதான் போன் செய்து சொன்னாள். யாரோ ஒருவர் இறந்ததால் கிடைத்தது என்றாள். யார் என்று சொல்ல மாட்டார்களாம். மறுநாள் தேவாலயத்துக்குப் போய் பெயர் தெரியாத அந்த மனிதருக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். எனக்கு எவ்வளவு பக்தி உண்டு என்பது உனக்குத் தெரியும்.

வராதே என்றாய், வரவில்லை. ஆனால் நான் எப்படி இருக்கிறேன் என்று நீயும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். விட்லூஃப் கீரைக் கொட்டகை பூட்டிக் கிடக்கிறது. அந்த அக்டோபருக்குப் பிறகு நான் டிராக்டரில் ஏறவே இல்லை. ஒருநாள் ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருப்ப முடியவில்லை, இறங்கிவிட்டேன். நிலத்தைப் பெரியப்பா மகன் ஒடிலோன் உழுகிறான். வேர்களை இருட்டில் வைத்துக் கீரை எடுக்கிற பொறுமை அவனுக்கு இல்லை, சோளம் போட்டுவிட்டான். நான் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கிறேன். காரைக்கூட விற்றாயிற்று. எங்கே போனாலும் சைக்கிள்தான்.

மார்ட்டென் வீட்டை விட்டுப் போய்விட்டார். கணவன் மனைவிச் சண்டை ஒன்றும் இல்லை. "உன்னோட இருந்தா தினமும் சாவு வீட்டுல இருக்கற மாதிரி இருக்கு ரைன்ஹில்டே" என்று சொல்லிவிட்டு அவர் தங்கை வீட்டுக்குப் போனார், திரும்பவில்லை. அவரையும் குறை சொல்ல முடியாது.

உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன், உன்னைக் குத்திக்காட்ட இல்லை. நான் செய்ததற்கு நான் அனுபவிக்கிறேன்.

கை எப்படி இருக்கிறது? வலிக்கிறதா?

ரைன்ஹில்டே

---

ஓஸ்டெண்ட்
17 ஆகஸ்ட் 2014

அக்கா,

ஆறு மாசமா உன் கடிதத்தை மடிச்சு மடிச்சு வெச்சிருக்கேன். இப்போ பதில் எழுதாம இருக்க முடியாது. இருபத்தாறாம் தேதி கையில இருக்கறதை எடுத்துக் கழுத்துல வைக்கறாங்க.

முதல்ல கையைப் பத்திச் சொல்லிடறேன். மணிக்கட்டுக்கு மேல ஒரு சின்ன சுரைக்காய் மாதிரி வீங்கி இருக்கு. தடவினா உள்ளே வளையம் வளையமாத் தட்டுப்படும். அந்த ஆளோட குருத்தெலும்பு. என் கன்னத்து உள்தோலைக் கொஞ்சம் வெட்டி அதுக்குள்ளே ஒட்டியிருக்காங்க. அவரோட உள்தோல் உதிர்ந்து போகப் போக என்னோடது பரவணுமாம். உடம்பு அதைத் தள்ளிவிடாம இருக்க மாத்திரை கொடுத்தாங்க. கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு ஜூலையில நிறுத்திட்டாங்க. மாத்திரை சாப்பிட்ட காலம் முழுக்க யாரையும் பக்கத்துல சேர்க்கக் கூடாது, சளி பிடிச்சாலே ஆபத்து. மாடி அறையில தனியா உட்கார்ந்து அந்தக் கைகிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன். குரல் இல்லாமத்தான், உதட்டை அசைச்சு. "என்னப்பா, இன்னைக்கு எப்படி இருக்கே?"ன்னு. நீ சிரிக்கலாம்.

இப்போ விஷயம். ஆபரேஷன் மேஜையிலேயே போயிடலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அதுக்கு முன்னாடி இதை எழுதணும்.

அன்னைக்கு நான் நிறுத்துன்னு கத்தலை.

அந்தக் கம்பியைக் கட்டினதே நான்தான். வேர்க் குவியலுக்குத் தார்ப்பாய் போட, காலையில முற்றத்துக்குக் குறுக்கே இழுத்துக் கட்டினேன். உன்கிட்டச் சொல்லணும்னு நினைச்சேன், மறந்துட்டேன். நீ டிராக்டரைப் பின்னால எடுக்கும்போது நான் போனைப் பார்த்துக்கிட்டே கையைக் காட்டினேன். "வா, வா, இன்னும் வா"ன்னேன். நீ நான் சொன்னபடிதான் வந்தே. கண்ணாடியிலயும் பார்த்தே. உன் மேல ஒரு தப்பும் இல்லை.

ஆஸ்பத்திரியில எனக்கு நினைவு வந்தப்போ நீ கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு, "யோஸ், நீ கத்தினியா? எனக்குக் கேட்கலையே"ன்னு அழுதே. எழுதிக் காட்டற பலகையைக் கையில கொடுத்தே. நான் 'கத்தினேன்'னு எழுதினேன். ஏன் எழுதினேன்? நீ முழுசா நின்னுக்கிட்டு, குரலோட அழுதுக்கிட்டு இருந்தே. என்னால அழக்கூட முடியலை, காத்துதான் வந்துச்சு. யாராவது ஒருத்தர் மேல இதைப் போடணும்னு தோணிச்சு. அந்த ஒரு நாளைக்குத்தான்னு நினைச்சேன். மறுநாள் மாத்திச் சொல்லியிருக்கலாம். அதுக்குள்ளே நீ போலீஸ்கிட்ட, பாதிரியார்கிட்ட, மார்ட்டென்கிட்ட எல்லார்கிட்டயும் சொல்லிட்டே. அதுக்கப்புறம் உன் முகத்தைப் பார்க்க முடியாம ஓஸ்டெண்டுக்கு ஓடி வந்துட்டேன். நான் உன் மேல கோபமா இருக்கேன்னு நீ நினைச்சுக்கிட்டே. நினைச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்.

மன்னிப்புக் கேட்க எழுதலை. நான் செத்துட்டா உனக்கு இது தெரியாமலே போயிடும். அதான்.

யோஸ்

---

கம்பன்ஹௌட்
22 ஆகஸ்ட் 2014

கடிதம் கிடைத்தது.

நர்ஸிடம் வேறு பெயர் கொடு. சைக்கிள் கடைக்காரர் பெயரையே கொடு, ரத்த உறவு என்று பொய் சொல். உனக்கு அது கஷ்டமாக இருக்காது.

ரைன்ஹில்டே

---

பல்கலைக்கழக மருத்துவமனை, நான்காம் மாடி
28 செப்டம்பர் 2014

அக்கா,

நீ படிக்காமலே அடுப்புல போடலாம். போடு, நான் எழுதிடறேன்.

பதினாலு மணி நேர ஆபரேஷன். கையில இருந்த குழாய் இப்போ கழுத்துல இருக்கு. கையில தொடைத் தோலை எடுத்து ஒட்டியிருக்காங்க, பார்க்க நல்லா இல்லை. கழுத்து ஓட்டையைத் தைச்சு மூடிட்டாங்க. போன செவ்வாய்க்கிழமை டாக்டர் ஹெலபாட் வந்து கட்டில்ல உட்கார்ந்து, "ஒண்ணு, ரெண்டு சொல்லுங்க"ன்னாங்க. சொன்னேன். கரகரன்னு, தகரத்தை இழுத்த மாதிரி ஒரு சத்தம். ஆனா குரல். விவினா கையில இருந்த தட்டைக் கீழே வெச்சுட்டு வெளியே போயிட்டா. டாக்டர் ஒரு மெஷினை வெச்சு நான் இருபது வரைக்கும் எண்ணினதைப் பதிவு பண்ணிக்கிட்டாங்க.

மூக்கு வழியா மூச்சு விட்டு நாலு வருஷமாச்சு. காப்பி வாசனை தெரியுது. பக்கத்துக் கட்டில்காரர் சாக்ஸ் வாசனையும் தெரியுது.

வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்குப் போன் பண்ணினேன். நீ எடுக்கலை. பதிவு பண்ற மெஷின்ல 'சொல்லுங்கள்'னு உன் குரல் வந்துச்சு. நாலு நிமிஷம் பேசினேன். ரொம்பப் பேசக் கூடாதுன்னு விவினா போனைப் பிடுங்கிட்டா.

பதில் எதிர்பார்க்கலை.

யோஸ்

---

பல்கலைக்கழக மருத்துவமனை
21 நவம்பர் 2014

அக்கா,

பதினோரு வாரம்தான் தாங்குச்சு.

முதல்ல ஒரு நாத்தம் வந்துச்சு. வெளியே எங்கேயோன்னு நினைச்சேன், என் மூச்சுதான். அப்புறம் இருமினப்போ சாம்பல் நிறத்துல ஏதோ வந்துச்சு. உள்ளே கேமராவை விட்டுப் பார்த்தாங்க. டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினாங்க. "கீழ்ப்பாதி செத்துப் போச்சு யோஸ்"னாங்க. மாத்திரையை நிறுத்தினதும் உடம்பு அந்த ஆளைத் தேடிப் பிடிச்சு அழிச்சிருக்கு. என்னோட தோல் போதுமான அளவுக்குப் பரவலை. மிச்சம் இருக்கற வளையமும் துவண்டு போய், மூச்சை இழுத்தா ரெண்டு பக்கமும் ஒட்டிக்குது.

செத்ததைச் சுரண்டி எடுத்துட்டு ரப்பர் மாதிரி ஒரு குழாயை மேலேயிருந்து கீழே வரைக்கும் வெச்சிருக்காங்க. மேல் முனை குரல் நாணுக்கு நடுவுல போகுது. அதனால குரல் இல்லை. கழுத்து ஓட்டையும் திரும்பி வந்தாச்சு.

டாக்டர் என்னைவிட மோசமா இருந்தாங்க. "நான் இன்னும் ரெண்டு மாசம் மாத்திரையைக் கொடுத்திருக்கணுமோ"ன்னாங்க. பலகையில எழுதினேன்: 'தெரியாம செஞ்சதுக்கு அழாதீங்க.' எழுதினதுக்கப்புறம் அதையே பார்த்துக்கிட்டு இருந்தேன். உன்கிட்ட எழுத வேண்டியதை நாலு வருஷம் கழிச்சு யாரோ ஒரு டாக்டர்கிட்ட எழுதியிருக்கேன்.

யோஸ்

---

கம்பன்ஹௌட்
7 டிசம்பர் 2014

யோஸ்,

வியாழக்கிழமை மருத்துவமனைக்கு வந்தேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டேன். விவினா எழுப்பட்டுமா என்றாள், வேண்டாம் என்றேன். எழுப்பியிருந்தால் நான் உன்னை அடித்திருப்பேன். கழுத்தில் குழாயோடு கிடக்கிறவனை அடித்தவள் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

நீ எனக்கு என்ன செய்தாய் என்று உனக்குத் தெரியுமா? நான்கு வருடமாகத் தினமும் அந்த முற்றத்தில் நின்று காதைத் தீட்டிக் கேட்டிருக்கிறேன். நீ கத்தியிருப்பாய், எந்த மாதிரிக் கத்தியிருப்பாய், எஞ்சின் சத்தத்தில் அது எப்படிக் கேட்காமல் போனது என்று. ஒருநாள் ஒடிலோனை நிற்கவைத்து, எஞ்சினை ஓடவிட்டு, "கத்து" என்றேன். கேட்டது, நன்றாகவே கேட்டது. அன்றைக்குத்தான் என்னை முழுக்க வெறுத்தேன். அவனுக்குக் கேட்கிறது, எனக்கு என் தம்பியின் குரல் கேட்கவில்லை என்று. காது டாக்டரிடம்கூடப் போனேன். காதில் குறை இல்லை என்றார். குறை மனதில் என்று நானே முடிவு செய்தேன். உன்மேல் ஏதோ பழைய பொறாமை இருக்கிறது, அதனால்தான் கேட்கவில்லை என்று. அப்பா உனக்கு மட்டும் வாங்கிக் கொடுத்த புறாக்கள்வரை தோண்டிப் பார்த்தேன்.

இல்லாத ஒரு சத்தத்துக்காக.

உன் கடிதம் வந்தபோது எனக்கு நிம்மதி வரவில்லை. நிம்மதி வரும் என்று நீ நினைத்திருப்பாய். மார்ட்டெனிடம் போய்ச் சொன்னேன். "அப்படியா" என்றார். அவ்வளவுதான். அவர் அங்கே பழகிவிட்டார். பள்ளிக்கூடத்தில் சொன்னேன். "பாவம், தம்பி உன்னைச் சமாதானப்படுத்த அப்படி எழுதறார்" என்றார்கள். இனி நான் என்ன சொன்னாலும் யாரும் நம்பப்போவதில்லை. நீ கத்தினாய் என்பதே ஊருக்கு உண்மை.

குழாய் தோற்றுப்போனதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. இதையும் எழுதிவிடுகிறேன், வேறுமாதிரி நினைத்துவிடாதே.

ரைன்ஹில்டே

---

பல்கலைக்கழக மருத்துவமனை
25 ஜனவரி 2015

அக்கா,

நீ எழுதினது எல்லாம் சரி.

குழாயோட கீழ் முனையில சதை வளர்ந்து அடைக்குது. மூணு வாரத்துக்கு ஒருதடவை லேசர் போட்டுச் சுட்டு எடுக்கறாங்க, திரும்ப வளருது. அதுக்குக் கீழே மூச்சுக்குழாய் ரெண்டாப் பிரியுது, குழாயை இன்னும் கீழே தள்ள இடமில்லை. வலது கையில இன்னொருத்தரோடதை வெச்சுப் பார்க்கலாம்னு ஒரு பேச்சு இருந்துச்சு. டாக்டர் சொல்லும்போதே அவங்க கண்ணு அதை நம்பலை. கழுத்துல சேர்த்துத் தைக்க நல்ல ரத்தக்குழாயும் இல்லையாம். வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன். முதல்ல குழாய் கொடுத்த மனுஷரை வீணாக்கினது போதும். அவங்க வற்புறுத்தலை. 'எவ்வளவு நாள்?'னு எழுதினேன். "மாசக் கணக்குதான்"னாங்க.

ஓஸ்டெண்ட் அறையைக் காலி பண்ணிட்டாங்க. மாடிப்படி ஏற முடியாதவனுக்கு மாடி அறை எதுக்கு? பராமரிப்பு இல்லம் ஒண்ணு பார்த்திருக்காங்க, போயிடுவேன். இதைச் சொல்லி உன்னை எதுக்கும் இழுக்கலை.

ஒரே ஒண்ணு கேட்கணும். செப்டம்பர்ல உன் மெஷின்ல நான் பேசினது இன்னும் இருக்கா? டாக்டர்கிட்ட இருக்கற பதிவுல நான் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணறேன், அவ்வளவுதான். ஒரு ஆள் இன்னொரு ஆளோட பேசற மாதிரி நான் பேசினது அந்த நாலு நிமிஷம் மட்டும்தான். ஒருதடவை கேட்கணும்போல இருக்கு.

யோஸ்

---

கம்பன்ஹௌட்
3 பிப்ரவரி 2015

யோஸ்,

மெஷின் கெட்டுவிட்டது என்று எழுதலாம் என உட்கார்ந்தேன். மின்னல் அடித்தது, தானாக அழிந்தது, எதை வேண்டுமானாலும் எழுதலாம். நீ சோதித்துப் பார்க்கப் போவதில்லை. இரண்டு தாள் எழுதிக் கிழித்தேன்.

நான்தான் அழித்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பொத்தானை அழுத்தினேன். "அக்கா, நான் யோஸ்" என்று வந்தது. முதலில் உன் குரல் என்றே தெரியவில்லை. தெரிந்த அடுத்த நொடி அழித்துவிட்டேன். மிச்சத்தைக் கேட்கவில்லை. அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியாது. குரல் வந்துவிட்டது, இனி எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவான், கூப்பிடக் கூப்பிட எடுக்காமல் இருந்து பழி தீர்க்கலாம் என்று நினைத்தேன். நான் நினைத்தது அதுதான்.

இல்லத்துக்குப் போக வேண்டாம். கீழே தையல் அறையைக் காலி செய்து கட்டில் போட்டாயிற்று. ஜன்னல் முற்றத்தைப் பார்த்து இருக்கிறது, திரை போட்டிருக்கிறேன். இரண்டு வாரமாக செவ்வாயும் வெள்ளியும் விவினாவிடம் போய்க் குழாயில் சளி உறிஞ்சக் கற்றுக்கொண்டிருக்கிறேன். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன். இப்போது தனியாகவே செய்ய வருகிறது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. இன்னும் இல்லை. நீ இருக்கும் காலத்துக்குள் முடியுமா என்றும் தெரியவில்லை. எனக்கு வேறு யாரும் இல்லை, உனக்கும் இல்லை, அதனால் வா.

அந்த நான்கு நிமிடத்தில் என்ன சொன்னாய்? எழுதி அனுப்பு. படிக்கவாவது செய்கிறேன்.

ரைன்ஹில்டே

---

பல்கலைக்கழக மருத்துவமனை
7 பிப்ரவரி 2015

அக்கா,

வியாழக்கிழமை பன்னெண்டு மணிக்கு ஆம்புலன்ஸ்ல கொண்டுவந்து விடறாங்க.

நீ கேட்டதை எழுதலாம்னு மூணு நாளா உட்கார்ந்து பார்க்கறேன். கம்பியைப் பத்தி ஏதோ சொன்னேன்னு நினைக்கிறேன். காப்பியைப் பத்தியும் இருக்கலாம். நிஜமாவே ஞாபகம் இல்லை அக்கா. குரல் வருது, வருதுன்னு அதையே கேட்டுக்கிட்டு இருந்ததுல என்ன பேசினேன்னு கவனிக்கலை.

யோஸ்